சந்திரகிரியில் பாடு வைத்தவள்

பழவேற்காடு,
20 ஜூலை 2025.

அன்புள்ள காயத்ரிக்கு,

துர்காதேவி எழுதுவது. இங்கே நான், அம்மா, நைனா, ஏரி எல்லாரும் நலம். நீயும் உன் விடுதிச் சாப்பாடும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் அப்பா நம் ஊர்ப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உங்களையெல்லாம் கடம்பத்தூருக்குக் கூட்டிப்போனது மே மாதம், உன்னைத் திருவள்ளூர் விடுதியில் சேர்த்தது ஜூன். அதோடு நான் உன்னைப் பார்க்கவே இல்லை. வகுப்பில் உன் இடத்தில் இப்போது சத்யா உட்காருகிறாள். நல்ல பெண்தான், ஆனால் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துத் தின்கிறாள். என் பென்சிலையும் சேர்த்து. ஒரு நாள், "இன்னாடி, காலைல நாஷ்டா துன்னலயா நீ?" என்று கேட்டேன். "துன்னேன். இது சும்மா டைம் பாஸு" என்றாள்.

நூலக அலமாரியின் சாவி இப்போது என்னிடம். புத்தகம் எடுக்க யாரும் வராததால் நானே எடுத்து, நானே கையெழுத்துப் போட்டு, நானே திருப்பித் தருகிறேன்.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. ஒன்பதாம் வகுப்பைத் திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திரகிரி அரண்மனைக்கு ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போவதாக ஆரோக்கியமேரி டீச்சர் சொல்லியிருக்கிறார். முதலில் வெள்ளிக்கிழமை என்றார். அங்கே அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். "நல்ல வேளை, சொன்னியே! இல்லன்னா கதவைப் பாத்துட்டு வந்திருப்போம்" என்று முதுகில் தட்டினார். இப்போது ஆகஸ்ட் 23, சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது.

உங்கள் பள்ளியும் அதே சனிக்கிழமை அங்கே வந்தால் என்ன?

சிரிக்காதே. உங்கள் குணசுந்தரி டீச்சர் வரலாறுதானே எடுக்கிறார்? விஜயநகர அரசர்கள் இருந்த அரண்மனை நம் பக்கத்திலேயே இருக்கிறது என்று அவர் காதில் விழும்படி நாலு முறை சொல். ஐந்தாவது முறை அவரே சொல்வார். ஆசிரியர்கள் அப்படித்தான்.

உன் பதிலுக்காகத் தபால்காரர் சைக்கிள் மணியைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கும்,
துர்கா

*

விடுதி, திருவள்ளூர்,
29 ஜூலை 2025.

அடியே துர்கா,

முதலில் ஒரு எச்சரிக்கை. எங்கள் கடிதங்களை வார்டன் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். வார்டன் வேறு யாரும் இல்லை, குணசுந்தரி டீச்சர்தான். உன் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். "ஆசிரியர்கள் அப்படித்தான்" என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. (வணக்கம் டீச்சர்.)

ஆனால் அதனால் ஒரு நன்மை. நாலு முறை சொல்ல வேண்டிய வேலை எனக்கு மிச்சம். மறுநாள் வகுப்பில் அவரே, "சந்திரகிரி போலாமா? சிலர் ரொம்ப ஆசப்படறாங்க" என்று கேட்டார். எல்லாரும் கத்தினோம். ஆகஸ்ட் 23!

சாப்பாட்டைக் கேட்டாய். சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கும் என்று சொல்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. காலையில் வாளிக்கும் குளியலறைக்கும் நடக்கும் சண்டைதான் பெரிய சண்டை. விக்டோரியா என்று ஒருத்தி, கும்மிடிப்பூண்டிக்காரி, ஆறடி இருப்பாள். எழுந்ததும் மூன்று வாளிகளைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்பாள். "நான் வச்சேன், நான் எடுத்தேன், உனக்கின்னா பேஜாரு?" என்பாள். நான் பெரும்பாலும் முகம் மட்டும் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன்.

இங்கே கைப்பேசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேசலாம், அதுவும் அப்பா அம்மாவிடம் மட்டும்.

துர்கா, உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழுத முடியாது. ஏன் என்று உனக்கே தெரியும். அரண்மனையில் நாம் இருவரும் தனியாக ஓர் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். சிலையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். கண்டிப்பாக.

உன்,
காயத்ரி

*

பழவேற்காடு,
10 ஆகஸ்ட் 2025.

அன்புள்ள காயத்ரிக்கு (குணசுந்தரி டீச்சருக்கும் என் வணக்கங்கள், மன்னிப்புகள்),

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் குதித்த குதியில் வலை உலர்த்தும் கழி ஒன்று சாய்ந்துவிட்டது. அம்மா திட்டியதை எழுத மாட்டேன், டீச்சர் படிப்பார்.

என்ன விஷயம் அது? நான் ஊகித்துப் பார்த்தேன். உனக்கு மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அல்லது கணக்கில் நூறு வாங்கிவிட்டாய், என் மனம் புண்படும் என்று மறைக்கிறாய். எதுவானாலும் அரை மணி நேரம் என்ன, நாள் முழுக்கவே உன் கூடத்தான் இருக்கப் போகிறேன்.

இங்கே பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் பெரிய சண்டை வந்தது. நான்தான் தீர்த்துவைத்தேன். எப்படி என்று கேள். எங்கள் குப்பத்தில் பாடு வைப்பது போல வைத்தேன். உங்கள் வீட்டில் நெல், உனக்குத் தெரியாதே என்று விளக்குகிறேன். ஏரியில் மீன் அதிகம் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் அடிதடிதான். அதனால் கோயிலடியில் கூடிச் சீட்டுக் குலுக்குவார்கள். எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை என்று முறை வந்துவிடும். அதற்குப் பெயர்தான் பாடு. வந்த முறையை யாரும் மாற்றக்கூடாது. பணக்காரன், ஏழை, நாட்டாமை எல்லாரும் ஒன்று. போன வருடம் நைனாவுக்கு மோசமான நாளாக விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே போனார், ஆனால் போனார்.

அதே போல ஜன்னல் சீட்டுக்கும் ஊர் ஊராக முறை. பொன்னேரி வரை ஒருத்தி, தேர்வாய் கண்டிகை வரை இன்னொருத்தி. எனக்குச் சத்தியவேடு முதல் நாகலாபுரம் வரை விழுந்தது. மலை வரும் இடம்! ஆரோக்கியமேரி டீச்சர், "நீ ஏண்டி இன்னும் கலெக்டர் ஆவல?" என்று கேட்டார்.

அம்மா உனக்காக இறால் தொக்கு செய்கிறாள். முருங்கைக்காய் இல்லாத சாம்பாருக்கு அது போதும்.

பதின்மூன்று நாளை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் விழிக்கும்,
துர்கா

*

பழவேற்காடு,
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு.

அன்புள்ள காயத்ரிக்கு,

நேற்று நாம் இருவரும் ஒரே அரண்மனையில் ஒரே நாளில் இருந்தோம். ஆனாலும் உனக்கு நான் பார்த்ததையெல்லாம் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது.

எங்கள் பஸ் இருட்டோடு கிளம்பியது. தேர்வாய் கண்டிகைப் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன. சத்யாவின் அக்கா அங்கே வேலை செய்கிறாள். எந்த பஸ் என்று தெரியாததால் சத்யா எல்லா பஸ்ஸுக்கும் கை காட்டினாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து, யாரோ என்னவோ என்று திருப்பிக் கை காட்டினார்கள்.

அரண்மனையைப் பார்த்ததும் சத்யா வாயிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டாள். அது எங்கள் வகுப்புக்கு அதிசயம். பின்னால் பாறை மலை, முன்னால் புல்வெளி, நடுவில் ராஜமகால். மூன்று அடுக்கு. வளைவு வளைவாக ஜன்னல்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் மரமே கிடையாதாம். கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும். எங்கள் வீட்டில் மழைக்கு முன்னால் உத்திரம் மாற்ற வேண்டும் என்று நைனா கவலைப்படுவது ஞாபகம் வந்தது.

உங்கள் பஸ் வந்து நின்றதும் நான் உன்னைப் பார்த்துவிட்டேன். நீ இறங்கும்போதே கையை ஆட்டினாய். நான் ஓடி வருவதற்குள் அந்தக் கலாட்டா ஆரம்பித்துவிட்டது. நீ பின்னால் நின்றதால் எல்லாம் உன் காதில் விழுந்திருக்காது.

மாடிக்கு ஒரு நேரத்தில் கொஞ்சம் பேர்தான் போகலாம் என்று காவலர் சொன்னார். இரண்டு பள்ளியும் படிக்கட்டு வாயில் முட்டிக்கொண்டன.

"படிக்கட்டுக்கு நாங்கதான் பர்ஸ்ட்டு வந்தோம்!" என்றாள் உங்கள் உயரமான பெண். அவள்தான் விக்டோரியாவாக இருக்க வேண்டும்.

"வந்து நின்னா ஆச்சா? நாங்க டிக்கெட் கவுன்டர்ல நின்னுக்கினு இருந்தோமே, அது கண்ணுக்குத் தெரில?" என்றாள் சத்யா.

"கவுன்டருக்குள்ள இன்னா ராஜா இருக்காரு?"

"படிக்கட்டு இன்னா உங்க தாத்தா ஊட்டு சொத்தா?"

"தோ பார்றா, மீன் வாசன வருதுன்னு பாத்தேன்!"

இதற்குமேல் சத்யா கையை ஓங்கினாள். டீச்சர்கள் இருவரும் கத்தியும் ஓயவில்லை. காவலர் திருப்பதியில் சொல்வது போல, "ஜரகண்டி, ஜரகண்டி!" என்று எல்லாரையும் வெளியே தள்ளப் பார்த்தார். எங்கே ஒருவரையும் உள்ளே விடாமல் போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன். ஒரு கல்மேல் ஏறி நின்று, "பாடு வச்சிக்கலாம்!" என்று கத்தினேன்.

இரண்டு பள்ளியையும் கலந்து நாலு குழு. மேல் மாடி, கீழ்க் கூடம், ராணிமகால், மரத்தடிச் சாப்பாடு. முக்கால் மணிக்கு ஒரு முறை மாற வேண்டும். என் ரஃப் நோட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து எண் எழுதினேன். சத்யாவின் காலி டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினோம். "எடுத்த சீட்டை மாத்தக் கூடாது. மாத்துனா ரெண்டு பேருக்கும் மொற போயிடும்" என்று நான்தான் உரக்கச் சொன்னேன். உங்கள் குணசுந்தரி டீச்சர்கூட, "நல்ல ஏற்பாடா இருக்கே" என்றார்.

எனக்கு ஒன்று விழுந்தது. உனக்கு இரண்டு.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். நான் மேல் மாடி. நீ காலை பதினோரு மணிக்கே புளிசாதம். மாடி ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். மரத்தடியில் நீ மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாய். உன் பள்ளிப் பெண்கள் அந்தப் பக்கம் கூட்டமாக இருந்தார்கள். உன் பக்கத்தில் துண்டு விரித்து இடம் வைத்திருந்தாய். அது எனக்கா?

நான் இறங்கும்போது நீ ஏறினாய். படிக்கட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திக்கினு வாடி, ப்ளீஸ்" என்றாய். பின்னால் சத்யா, "என் சீட்டு ரெண்டு. இந்தா எடுத்துக்கோ" என்று நீட்டினாள். அப்போது இரண்டு பள்ளியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது காயத்ரி. உங்கள் விக்டோரியா கையைக் கட்டிக்கொண்டு, "பாக்கலாம், இப்ப இன்னா பண்றான்னு" என்றாள். நான் வாங்கவில்லை. தொக்கு பாட்டிலை உன் கையில் திணித்து, "மேல ஜன்னல் ரொம்ப நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் காவலர், "ஜரகண்டி!"

கீழ்க் கூடத்தில் ஏராளமான கற்சிலைகள். பாதிக்கு மூக்கு இல்லை. "ஜலதோசம் வராது, நிம்மதி" என்று திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள் சத்யா. நான் கூடத்தை விட்டு வெளியே வரும்போது நீ உள்ளே வந்தாய். நான் ராணிமகாலை விட்டு வரும்போது நீ அங்கே வந்தாய். அப்போது நீ என்னைப் பார்க்கவே இல்லை. நான் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். ராணிமகால் முடிந்ததும் உங்கள் பஸ் ஹாரன் அடித்தது. புளிசாதக் கையோடு ஓடி வந்தேன். நீ ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாய். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

உனக்குத் தெரியுமா, நம் சென்னையில் கோட்டை கட்ட ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்தவர் சந்திரகிரி ராஜா என்று போன வருடம் படித்தோம். நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்களும் சீட்டுக் குலுக்கியிருந்தால் சென்னையே நம் ஊருக்கு வந்திருக்குமோ என்னவோ!

சண்டை இல்லாமல் அத்தனை பேரும் எல்லா இடமும் பார்த்தோம். வரும் வழியெல்லாம் டீச்சர் என்னைப் பாராட்டினார். ஆனால் நீ சொல்ல வந்த விஷயம் என்ன?

உடனே எழுது.

உன்,
துர்கா

*

விடுதி,
29 ஆகஸ்ட் 2025.

துர்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தொக்கு நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்.

சீட்டு எழுதியது நீ. டிபன் பாக்ஸைப் பிடித்திருந்தது நீ. ஒரு சீட்டைக் கையில் ஒதுக்கி வைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அதுகூட வேண்டாம். சத்யா நீட்டினாளே, அதை வாங்கியிருக்கலாம். மே மாதத்திலிருந்து நான் அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் இருந்தேன். உனக்கு விக்டோரியா என்ன நினைப்பாள் என்பது பெரிதாகப் போய்விட்டது.

ஆமாம், அந்தத் துண்டு உனக்குத்தான்.

ராஜமகாலில் மரம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் தெரியும், பலகையில் எழுதியிருந்தது. நான் தனியாகத்தானே எல்லாப் பலகையையும் படித்தேன்.

சொல்ல வந்த விஷயத்தை இனிச் சொல்ல வேண்டியதில்லை.

காயத்ரி

*

பழவேற்காடு,
4 செப்டம்பர் 2025.

அன்புள்ள காயத்ரிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று படித்தேன். சத்யா வந்து, "இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் மூக்குப் போன சிலை மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் பயந்துபோய்த் தன் பென்சிலை எனக்குக் கொடுத்தாள்.

நீ சொல்வது சரி. ஒரு சீட்டை நான் ஒதுக்கி வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் காயத்ரி, பாடு வைப்பதில் பொய் வந்துவிட்டால் அப்புறம் அது பாடே இல்லை. நான் மாற்றியிருந்தால் அடுத்த நிமிடம் எல்லாரும் மாற்றியிருப்பார்கள். காவலர் எல்லாரையும் வெளியே துரத்தியிருப்பார். நானே சட்டத்தைச் சொல்லிவிட்டு நானே எப்படி உடைப்பது?

இப்படி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், நான் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் பக்கத்தில் அந்தத் துண்டு காலியாகக் கிடந்தது.

விஷயத்தைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

துர்கா

*

பழவேற்காடு,
14 செப்டம்பர் 2025.

அன்புள்ள காயத்ரிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரரிடம் தினமும் கேட்டுக் கேட்டு, அவர் இப்போது எங்கள் தெருவில் மணி அடிக்காமலே போகிறார்.

ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இன்று ஒன்று நடந்தது. உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி, பத்து நாளா புஸ்தகத்தையும் காணோம், வாயையும் காணோம்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, படிக்கட்டு, துண்டு, உன் பஸ் ஜன்னல். பாடு மாற்றக் கூடாது என்று நான் நின்றதையும் சொன்னேன். மெச்சிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அம்மா இறாலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

"அடி பைத்தியமே! மொறைய மாத்தக் கூடாது, சரி. உன் மொறையில இன்னொரு ஆளை ஏத்திக்கக் கூடாதுன்னு எவன்டி சொன்னான்?"

எனக்குப் புரியவில்லை.

"உங்க நைனா மொற நாள்ல போட்ல எத்தினி பேரு போறாங்க? போன தபா உங்க சித்தப்பன் போகல? ஒடம்பு சரியில்லாம அவன் மொற போச்சேன்னு உங்க நைனா ஏத்திக்கினு போகல? எடம் உன்னுது, நாளு உன்னுது. உன் போட்ல யாரு குந்தறாங்கன்றது உன் இஷ்டம். ஊரே அப்படித்தான் பண்ணுது. இவ ஒருத்தி ஏரிக்கே சட்டம் எழுதறா!"

காயத்ரி, நான் இந்தக் குப்பத்தில் பிறந்தவள். சீட்டுக் குலுக்குவதை ஒவ்வொரு வருடமும் கோயில் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் உரக்கச் சொல்கிற சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். படகில் யார் ஏறுகிறார்கள் என்று விடிகாலையில் போய் நான் பார்த்ததே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.

உன்னை என் குழுவோடு மேலே கூட்டிப்போயிருக்கலாம். ஒரே ஒரு ஆள்தானே கூடுதல். விக்டோரியா கேட்டிருந்தால், "என் மொற, என் ஆளு" என்று சொல்லியிருக்கலாம். அவளும் தன் தோழியை ஏற்றிக்கொண்டிருப்பாள். சட்டமும் உடைந்திருக்காது. துண்டும் காலியாக இருந்திருக்காது. நாம் இருவரும் ராஜா நின்ற ஜன்னலில் நின்றிருப்போம்.

நான் நியாயமானவள் என்று இரண்டு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அரைகுறையாகத் தெரிந்தவள் என்பதுதான் சரி.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். அதற்கெல்லாம் முறை பார்க்க மாட்டேன்.

உன்,
துர்கா

*

விடுதி,
21 செப்டம்பர் 2025.

அடியே துர்கா,

உன் அம்மா சிரித்த இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில், சத்தமாக. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாம்பார்ல முருங்கக்கா வந்துடுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இப்போது அந்த விஷயத்தைச் சொல்கிறேன். டீச்சர் படிக்கட்டும், அவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் திரும்பி வரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். டீ.சி. வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே ஏதாவது பள்ளிக்குப் போவது என்று. இங்கே எனக்கு யாரும் இல்லை. நீ, "வந்துடு" என்று சொன்னால் போதும், அப்பாவிடம் தைரியமாகச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அதற்குத்தான் அந்த அரை மணி நேரம்.

நீ சொல்லவில்லை. நான் அதே பஸ்ஸில் அதே விடுதிக்குத் திரும்பி வந்தேன். உன் மேல் இருந்த கோபத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. (தொக்கு மட்டும் தீர்ந்துவிட்டது.)

ஒரு நாள் காலையில் வாளிச் சண்டை முற்றிப்போய் ஒரு வாளி உடைந்தது. டீச்சர் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துவிட்டார். அப்போது யார் பேசியது தெரியுமா? விக்டோரியா!

"டீச்சர், அந்தக் குப்பத்துப் பொண்ணு சந்திரகிரில வச்சாளே, அது மாதிரி சீட்டு வச்சிடலாம். கரெக்டா இருந்துச்சு. அவ ஃப்ரெண்டுக்கே மாத்திக் குடுக்கலயே! தோ, இவதான் அந்த ஃப்ரெண்டு. இவளே வைக்கட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துர்கா, இந்த விடுதியில் அன்றைக்குத்தான் எல்லாரும் என்னை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

நான் சீட்டு எழுதினேன். முதல் குளியல் என்று எழுதிய சீட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். சத்தியமாக வைத்துக்கொண்டேன். அப்புறம் மற்ற சீட்டுகளோடு போட்டுக் குலுக்கினேன். எனக்குக் கடைசிக்கு முந்தின முறை விழுந்தது. விக்டோரியாவுக்கு அதற்கும் பின்னால்! அவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் போய் வரிசையில் நின்றாள்.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ செய்தது சரி என்று ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும் என்று எழுதவில்லை. இப்போது நீயே தப்பு என்று எழுதிவிட்டாய். ஆகவே எழுதுவதில் தடையில்லை.

ஏற்றிக்கொள்ளலாம் என்ற சட்டத்தை நேற்று இங்கே அறிவித்தேன். விடுதியில் பெரிய கைதட்டல். இன்று காலை என் முறையில் விக்டோரியாவை ஏற்றிக்கொண்டேன், அவள் துணி துவைக்க ஒரு வாளி தண்ணீர். அவள் எனக்குத் தலை பின்னிவிட்டாள். மிக மோசமாகப் பின்னுகிறாள்.

விடுமுறை முடிந்து திரும்பி வருவேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அன்று இரவு சாம்பாரில் எனக்கு முருங்கைக்காய் இருந்தது.

ஆனால் உன்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அரை மணி நேரம் பாக்கி இருக்கிறது. அம்மாவிடம் பேசிவிட்டேன், விடுமுறையில் அப்பா குத்தகை நிலத்தைப் பார்க்க வரும்போது என்னையும் கூட்டிவருவார். உன் நைனாவின் முறை நாள் எது? அந்த நாளில்தான் வருவேன். படகில் ஒரு ஆள் ஏற்றலாம் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

உன்,
காயத்ரி

*

பழவேற்காடு,
25 செப்டம்பர் 2025.

அன்புள்ள காயத்ரிக்கு,

அக்டோபர் முதல் தேதி, புதன்கிழமை. நல்ல இடமாக விழுந்திருக்கிறது. இந்த வருடம் நைனா முணுமுணுக்கவில்லை.

உன் அப்பா பெயரைச் சொல்லி, நீ வரலாமா என்று அவரிடம் கேட்டேன். "சடையப்பன் பொண்ணா? வரட்டும். வாந்தி வந்தா வெளிய எடுக்கச் சொல்லு, போட்ல வேணாம்" என்றார். அம்மா, "நீயும் எழுந்து போடி, இந்தத் தபாவாவது கண்ணத் தெறந்து பாரு" என்றாள். ஆமாம், நானும் ஏரிக்குள் போவது இதுதான் முதல் முறை. குப்பத்தில் யாரிடமும் சொல்லாதே.

உன் அப்பாவிடம் செவ்வாய்க்கிழமை மாலையே உன்னை எங்கள் வீட்டில் விடச் சொல். விடியலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும். பழைய துணி போட்டுக்கொள். துண்டு கொண்டுவராதே, படகில் அதை விரித்து இடம் பிடிக்க முடியாது. உட்கார ஒரே ஒரு பலகைதான், குறுகல். நான் நேற்றுப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் உட்காரலாம் என்றில்லை. நெருக்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

உன்,
துர்கா